விடுதி அறையும் தங்கும் உரிமையும்: கொழும்பின் தற்காலிக வாடகை பற்றிய ஒரு நோக்கு

கொழும்பின் காலி வீதி வெள்ளவத்தையிலிருந்து தெகிவளையூடாகக் கல்கிசைக்குச் செல்கின்றது. இச்சில மைல் தூரத்தினுள் நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் விடப்படும் தளபாடமிட்ட அறைகள் மிகப் பல. வீடு, விடுதி என்னும் சொற்கள் இரண்டும் 'விடு' என்ற ஒரே வினையடியிற் பிறந்தவை. ஆயினும் சமூக வாழ்வில் அவை ஒன்றல்ல. வீட்டில் இருப்பவரிடம் ஏன் இங்கே இருக்கின்றீர் என எவரும் வினவுவதில்லை. விடுதியில் இருப்பவரிடம் அவ்வினா எந்நேரமும் எழுப்பப்படலாம். எவரிடம் அது எழுப்பப்பட்டது, எவரிடம் எழுப்பப்படவில்லை என்பதையே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

இவ்வறை வாழ்வு போர்க்காலத்திலே தோன்றியதன்று. குடியேற்ற ஆட்சி உருவாக்கிய நிருவாக இயந்திரத்துக்கு எழுதுவினைஞர்களை வழங்கிய யாழ்ப்பாணச் சமூகம், குடும்பத்தை ஊரிலும் உழைப்பவரைக் கொழும்பிலும் வைத்திருந்தது. 'மணியோடர் பொருளாதாரம்' எனப் பின்னர் பெயர்பெற்ற அவ்வமைப்பின் மறுமுனையே வெள்ளவத்தையின் வாடகை அறை. கொட்டாஞ்சேனையின் வரலாறு வேறு. துறைமுகத்தையும் செட்டியார் தெரு வணிகத்தையும் அண்டி வாழ்ந்தோரும், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தோரும் அங்கு நெருக்கமாகத் தங்கினர். 1983 யூலை வன்செயல்களின்போது இப்பகுதிகளிலிருந்து பலர் வெளியேறினர். ஆனால், அதனைத் தொடர்ந்து விரிந்த போரே வடக்கு கிழக்கு மக்களை மீண்டும் இவ்வறைகளுக்குக் கொணர்ந்து சேர்த்தது.

வாடகைச் சட்டத்தின் போக்கையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1972இல் நிறைவேற்றிய 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்கு வலுவான பாதுகாப்பை அளித்தது. குடியிருப்பாளர் இறந்தபின் அவ்வுரிமை குடும்பத்தினருக்குச் செல்லவும் அது இடமளித்தது. அடுத்த ஆண்டில் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை மட்டுப்படுத்தியது. அக்காலத்தில் வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் இடதுசாரித் தலைவர்களில் ஒருவரான பீற்றர் கெனமன். இவை முற்போக்கான சட்டங்கள் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் சொத்துடைமை சட்டத்துக்கு எதிர்வினை புரியாமல் இருப்பதில்லை. நெடுங்காலக் குடியிருப்பாளரை அஞ்சிய உடைமையாளருக்குக் குறுங்கால வாடகை வசதியான வழியாயிற்று. கட்டிலும் மேசையும் மின்விசிறியும் இட்ட அறையில் நாட்கணக்கில் தங்குபவர், எத்தனை மாதம் தங்கினும், குடியிருப்பாளர் என்ற நிலையை எளிதில் எய்துவதில்லை. சட்டம் காத்தது நிலைபெற்றவரை. நிலைபெறாதவர் அதன் வாசலுக்கு வெளியே நின்றனர்.

வாடகை என்பது சாதாரணப் பண்டப் பரிமாற்றமே. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்குமுள்ள உறவு முதலாளிக்கும் தொழிலாளிக்குமுள்ள உறவன்று என ஏங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில் வாதிட்டார். புரூதோனின் வழிவந்தோருக்கு எதிராக அவர் கூறியது சரியே. ஆயின் போர்க்கால வெள்ளவத்தையில் விற்கப்பட்ட பண்டம் யாது? வெளிநாட்டுத் தூதரகத்தின் நேர்காணலுக்காகவும், கடவுச்சீட்டுக்காகவும், மருத்துவத்துக்காகவும் காத்திருந்தோர் இவ்விடுதிகளில் தங்கினர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், ஊருக்குத் திரும்ப விமானத்திலோ கப்பலிலோ இடங்கிடைக்குமெனக் காத்திருந்தோரும் இவர்களுடன் சேர்ந்தனர். போவதற்குக் காத்திருந்தவரும் திரும்புவதற்குக் காத்திருந்தவரும் ஒரே விறாந்தையில் இருந்தனர். அவர்கள் வாங்கியது கட்டிலை மாத்திரமன்று. காத்திருப்பதற்கான காலத்தையும், சோதனை வேளையில் காட்டுவதற்கான முகவரியையும் சேர்த்தே வாங்கினர்.

அம்முகவரிக்கு ஆதாரமாய் இருந்தது பொலிஸ் பதிவு. வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைப் பொலிஸார் கேட்டுப்பெற 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இடமுண்டு. 2005இன் அவசரகால ஒழுங்குவிதிகள் அதனை இறுக்கின. இதனால் விடுதிக்காரர் வணிகராக மட்டுமன்றி, அரசுக்குக் கணக்குக் கொடுப்பவராகவும் ஆக்கப்பட்டார். பதிவில்லாதவரைத் தங்கவைப்பது அவருக்கு ஆபத்து; அவ்வாபத்தின் விலை வாடகையில் ஏறியது. விடுதிக்காரரும் பெரும்பாலும் தமிழரே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இன ஒடுக்குமுறை எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்திற்று எனக் கூறுவோர் இந்த வாடகைக் கணக்கைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளுள் பொலிஸார் புகுந்து, கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லாதோர் எனக் கூறித் தமிழர்களை வெளியேற்றினர். 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டனர். பெரும்பாலோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பாதுகாப்பு என்பதே அரசு கூறிய நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றை நாட, மறுநாளே வெளியேற்றத்தைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு பிறந்தது. சில நாட்களில் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். 1978 அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை, தான் விரும்பும் இடத்தில் வதியும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. காரணங் கூறவேண்டும் என்ற நிபந்தனை அவ்வுறுப்புரையில் இல்லை. வாடகை செலுத்தியிருந்தமை அன்று எவரையும் காக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பரிமாற்றம் முறைப்படி நிறைவேறியிருந்தது. பண்டம் கைக்கு வரவில்லை.

அதே காலி வீதியின் மறுகோடியான கல்கிசையில், 1966இன் உல்லாசப் பயணச் சபைச் சட்டந் தொட்டே குறுங்கால வாசி அரசின் வரவேற்புக்குரிய விருந்தினர். அவர் எதற்காக வந்தார் என்பது நாட்டின் அந்நியச் செலாவணித் தேவையால் முன்கூட்டியே விளக்கப்பட்டுவிட்டது. தங்கும் காலம் ஒன்றே, தங்குபவரே வேறு.

அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் நீங்கிற்று. இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கல்கிசைக் கரையோரத்திலும் தளபாடமிட்ட வீடுகள், கல்யாணத்துக்கும் கோடை விடுமுறைக்கும் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் உறவினருக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஒருகால் இதே தெருக்களின் விடுதிகளில் விசாவுக்குக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும். இப்பொழுது கட்டுப்பாடு ஆளைவிட்டு அறைக்கு மாறியுள்ளது: 2005இன் 38ஆம் இலக்க உல்லாசப் பயணச் சட்டத்தின்கீழ் சுற்றுலா அதிகாரசபையிற் பதிவு, மாநகரசபையின் தேவைகள், 1973இன் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி அமையும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் விதிகள். இவற்றுள் நடைமுறையில் மிகக் கூர்மையானது கடைசியே. மின்தூக்கியில் அறியாத முகங்களைக் காணும் நிரந்தரவாசிகளின் முறைப்பாட்டில் உண்மையுண்டு. பொதுச் செலவில் பங்குகொண்டு இலாபத்தில் பங்கற்றவர்கள் அவர்கள்.

ஆனால் நாள் வாடகையைத் தடுக்க வரையப்படும் விதி, நாள் வாடகையை மட்டும் தொடுவதில்லை. வெள்ளிநாணயத்தில் செலுத்தும் விருந்தினர் ஹோட்டலுக்குச் செல்வார். சிகிச்சைக்காகக் கிளிநொச்சியிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கும் நோயாளியின் குடும்பமும், பரீட்சைக்காக அறை தேடும் மட்டக்களப்பு மாணவியும் செல்லக்கூடிய இடம் வேறு. அவர்களை எவ்வகையிற் சேர்ப்பது என்பதை விதி வரைவோர் முதலில் தீர்மானித்தல் வேண்டும். குறுங்கால வாடகை என்பதை நாட்கணக்கால் மட்டும் வரையறுக்காது, வாடகை பெறுபவர் எத்தனை அலகுகளை வைத்திருக்கின்றார் என்பதாலும் வரையறுக்கலாம் என்பது எமது கருத்து. அவ்வாறாயின் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுக்கும் விதவைத் தாயும், பத்து அலகுகளை வாங்கிப் பூட்டிவைத்துப் பருவத்தில் மட்டும் திறக்கும் முதலீட்டாளரும் ஒரே பெயரால் அழைக்கப்படமாட்டார்கள்.