விரலை விடுங்க பிரதர்!

மேன்ஷன் ரூம் ஜன்னலில் ஆசையாய் வைத்த தொட்டிச் செடி சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, நம்ம பாசத்தால்! தினமும் பல் தேய்த்த கையோடு ஒரு சொம்பு தண்ணீர். மண் சதா ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். இலை மஞ்சளாகும். 'அடடா, தண்ணி பத்தலை போல'ன்னு இன்னொரு சொம்பு... குளோஸ்!

வழி சிம்பிள். ஆள்காட்டி விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால், அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

அடிக்கடி ஊருக்குப் போகிற ஆசாமியா? ஸ்நேக் பிளான்ட் வாங்குங்கள். தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். 10 நாள் லீவு தாங்கும்.

துளையில்லாத தொட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். வெறும் அழகைப் பார்த்து ஏமாறாதீங்க... தொட்டியைச் சொன்னேன்!