வானொலி ஓய்ந்தபின் விமானி செல்லும் வழி

நமுனுகுல மலையின் 2,036 மீற்றர் உயரமான சிகரம் மேகத்துள் மறைந்து கிடக்கும் நாட்கள் பதுளை வாசிகட்குப் புதியன அல்ல. அத்தகைய மேகத்தினுள்ளே, புறக்காட்சி யாதுமின்றிக் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானியின் வானொலி திடீரென ஓய்ந்துவிடின் அவன் செய்யத்தக்கது யாது?

தோட்டத்து வழக்கமொன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். எந்த மலையில் எவருக்கு எந்த நிரை என்பது காலைப் பிரட்டுக்களத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பின்னர்ப் பனிமூட்டம் இறங்கிக் குரல் எட்டாதொழியினும், ஒவ்வொருவரும் தத்தம் நிரையில் நிற்பராயின் எவர் எங்குளர் என்பது கங்காணிக்குத் தெரியும். வானிலும் அஃதே. புறப்படுமுன் கொடுக்கப்பட்ட பறப்புத் திட்டத்தைக் கொண்டே தரையிலுள்ளோர் விமானியின் செயலை முன்னுணர்ந்து, ஏனைய விமானங்களை அவன் பாதையினின்று விலக்குவர். ஆதலால் தன் சாதுரியத்தாற் புதுவழி காண முயல்பவனே இங்கு பேராபத்தை விளைப்பவன்.

முதற்கண் அவன் செவிக்கருவியின் இணைப்பையும் ஒலியளவையும் சோதித்தல் வேண்டும். பழுது பலகாலும் கையருகிலேயே இருக்கும். முந்திய அலைவரிசையையும், அவசரத்துக்குரிய 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையையும் முயன்று பார்ப்பான். இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. மலை இடைப்பட்டாலும் பேச்சு அறுந்துபோகும். 2017 பெப்ரவரியில் மும்பையிலிருந்து லண்டனுக்குச் சென்ற ஜெட் ஏர்வேய்ஸ் விமானம் ஜேர்மனியின் மேல் சிறிதுநேரம் தொடர்பிழந்தபோது, அந்நாட்டுப் போர் விமானங்களே அருகில் வந்து பார்த்தன.

முயற்சி பயன்படாதாயின் 7600 என்னும் எண்ணைத் தன் அடையாளக் கருவியில் இடுவான். ராடார்த் திரையைப் பார்ப்போர்க்கு அதுவே செய்தி. வானம் தெளிவாயின் அண்மையிலுள்ள தகுந்த நிலையத்தில் இறங்குதல் முறை. மேகத்துள்ளாயின், இறுதியாகப் பணிக்கப்பட்ட வேகத்தையும் உயரத்தையும் காத்தல் வேண்டும். பாதுகாப்புக்குரிய மிகக் குறைந்த உயரம் அதனினும் மேலாயின் அவ்வுயரத்துக்கு ஏறிவிடல் வேண்டும். சர்வதேச விதிப்படி இது ராடார் உள்ள வானில் 7 நிமிடமும், இல்லாத வானில் 20 நிமிடமும் ஆகும். அதன்பின் திட்டத்திற் குறித்த உயரமே.

மலைநாட்டாராகிய நாம் அவ்வுயர விதியைச் சற்று நின்று நோக்குதல் தகும். 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டனர். அதன் வானொலி பேசிக்கொண்டுதான் இருந்தது. தாம் நிற்கும் இடத்தைப் பிறழ உணர்ந்தோர் பாதுகாப்பு உயரத்தின் கீழ் இறங்கியமையே காரணமாயிற்று. பேச்சிருந்தபோதே இவ்வாறாயின், பேச்சற்றவனுக்கு உயரம் எத்துணை இன்றியமையாதது!

சேருமிடத்து வழிகாட்டி நிலையத்தின் மேல் வந்தடைந்த விமானி, தனக்கு அறிவிக்கப்பட்டுத் தான் ஏற்றுக்கொண்ட நேரத்திலும், அஃதின்றேல் திட்டப்படி கணித்த நேரத்திலும் கீழிறங்கத் தொடங்குவான். இயலுமாயின் அதன்பின் 30 நிமிடத்துள் தரையைத் தொடல் வேண்டும். கோபுரத்திலிருந்து நிலையான பச்சை ஒளி தோன்றின் இறங்கலாம். நிலையான சிவப்பாயின் வட்டமிட வேண்டும். கண்டுகொண்டமையைப் பகலில் இறக்கைகளை அசைத்தும், இரவில் இறங்கு விளக்குகளை இருமுறை மினுக்கியும் அவன் தெரிவிப்பான்.