வடை ஓட்டையில் ஒரு மாடியறை

கீழ்வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் வைஃபை கிடைக்கிறதாம். ரவுட்டருக்கு நேர் மேலே இருக்கும் மாடியறையில் மட்டும் இல்லையாம். கடையில் கேட்டு நீளமான ஆன்டெனா வாங்கி மாட்டினால் மாடியில் முன்பைவிட மோசம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

மோசமாகத்தான் ஆகும். ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. ரவுட்டர் கொடுப்பதைத் திசைவாரியாகப் பங்கிடுகிறது, அவ்வளவே. நிமிர்ந்து நிற்கும் குச்சியைச் சுற்றி அலை பரவும் வடிவம் அசல் உளுந்து வடை. குச்சி நிற்பது ஓட்டையில். பக்கவாட்டில் தாராளம். நுனி காட்டும் திசையில், அதாவது நேர் மேலேயும் நேர் கீழேயும், ஏறக்குறைய ஒன்றுமில்லை. நுனியிலிருந்துதான் அலை கிளம்புகிறது என்று நம்பி, படுக்கையறையைக் குறிபார்த்துக் குச்சியை நீட்டி வைக்காத வீடு அபூர்வம்!

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் பாதி நீளமுள்ள எளிய டைபோல் ஆன்டெனா, வலுவான திசையில் அலையைக் குவிக்கும் அளவு 2.15 டிபிஐ (dBi). இந்த எண்ணில் 3 கூடினால், வலுவான திசையில் சக்தி இரு மடங்கு. அதற்கு விலை, வடை தட்டையாவது. நீளமான ஆன்டெனாவின் பெட்டியில் 9 டிபிஐ என்று போட்டிருந்தால், வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளும் ஒற்றைத்தள வீட்டுக்கு அது அருமை, மாடிக்கு ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுப்பும்போது எந்த வடிவமோ, கேட்கும்போதும் ஆன்டெனாவுக்கு அதே வடிவம்தான். கைப்பேசி அனுப்பும் அலை பெரும்பாலும் ரவுட்டருடையதைவிடப் பலவீனமானது. ரவுட்டரின் சக்தியை மட்டும் கூட்டினால் கைப்பேசிக்கு அது கேட்கும். கைப்பேசி சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. பொருத்தமான ஆன்டெனா இரு பக்கத்துக்கும் உதவும்.

அதையும் நாம் விட்டால்தானே. லட்சக்கணக்கில் மரவேலை செய்துவிட்டு, பார்வைக்கு அசிங்கம் என்று ரவுட்டரை டிவி அலமாரிக்குள் அடைக்கிறோம். பக்கத்தில் இரும்பு பீரோ, போதாததற்கு மீன்தொட்டி. இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். இப்படி வைத்துவிட்டு நெட்காரரைத் திட்டுவது என்ன நியாயம்?

வாசகர் பழைய குச்சிகளையே மாட்டட்டும். ஒன்றை நிமிர்த்தி, மற்றதைப் படுக்க வைத்தால் படுத்த குச்சியின் வடை செங்குத்தாக எழுந்து மாடியைத் தொடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸை அதிகம் மறிக்கும் என்பதால் மாடியில் 2.4-ஐயே பிடிக்கலாம். ரவுட்டரைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தியும் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லையென்றால், மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைத்துவிட வேண்டியதுதான்.