ஒரு தடவை வந்தால் மறு தடவை வராதா?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் பஸ்ஸில் சென்றவர்களுக்கு மூலக்குளம் தெரியாமல் இருக்காது. அங்கே எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. பாட்டி, மகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேரன் என்று நாலே பேர். ஓர் ஐப்பசி மழையின்போது அந்த வீட்டில் நடந்த பேச்சைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பையனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, நல்லபடியாகத் தேறியிருந்தான்.

"டாக்டரிடம் ஒரு நடை காட்டிவிட்டு வந்துவிடட்டுமா, அத்தை? மறுபடியும் டெங்குவாக இருந்தால்?" என்றாள் மருமகள்.

பாட்டி சிரித்தாள். "அதுதான் ஒரு தடவை வந்து போய்விட்டதே, மறுபடி எப்படியம்மா வரும்? என்னையே பாரேன். ஆறு வயசிலே எனக்குப் பெரியம்மை போட்டது. அப்புறம் எங்கள் தெருவிலே எத்தனை வீட்டிலே ஆத்தாள் வந்தாள்! நான்தான் போய்ப் போய் வேப்பிலை வீசினேன். என்னைத் தொட்டாளா?"

பாட்டி சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. எண்பதை நெருங்கும் அவளுடைய முகத்தில் இருக்கும் தழும்புகளே அதற்குச் சாட்சி. ஆனால் பெரியம்மைக்குப் பொருந்தும் நியாயத்தைக் கொண்டு பேரனுடைய காய்ச்சலை எடை போட்டாள் பாருங்கள், அங்கேதான் பிசகிவிட்டது.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. "பார்த்தாயா, சரியாகிவிட்டது!" என்று பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டாள். அன்று பிற்பகலே பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான், வாந்திக்குமேல் வாந்தி. அப்புறம் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், "ஒரு தடவை வந்தால் மறு தடவை வராது" என்று நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லி வரும் அந்த வாக்கியம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாமா?

உடம்பின் ஞாபக சக்தி

புதுச்சேரி வீதிகளில் சிவப்புத் தொப்பி அணிந்த போலீஸ்காரரைப் பார்த்திருப்பீர்கள். நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு காவல் படை இருக்கிறது. புதிய நோய்க்கிருமி ஒன்று நுழைந்தால் அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஆயுதம் தயாரிக்க இந்தப் படைக்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்த ஆயுதத்துக்குத்தான் எதிர்ப்பொருள் என்று பெயர். சண்டை முடிந்ததும் படையில் பெரும்பகுதி கலைந்துவிடும். ஆனால் இரண்டு பேர் மட்டும் போகமாட்டார்கள். ஒருவர் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருப்பவர். மற்றவர், பழைய திருடனுடைய படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிற ஞாபக அணு. அதே திருடன் மறுபடி தலையை நீட்டினால் அவர் உடனே பெரும் படையைத் திரட்டிவிடுவார்.

தடுப்பூசி செய்வதும் இதே வேலைதான். திருடனே வராமல் அவனுடைய படத்தை மட்டும் கொடுத்துப் பழக்கிவிடுகிறது.

இந்த ஞாபகம் எத்தனை நாள் நிற்கும்? நம்மில் சிலருக்குச் சின்ன வயதுப் பாட்டெல்லாம் நினைவிருக்கும். காலையில் சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்து போகும். உடம்பும் அப்படித்தான். வியாதிக்கு வியாதி வித்தியாசம் உண்டு.

65 வருஷ ஞாபகம்

வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ என்று சில தீவுகள் இருக்கின்றன. 1781-இல் அங்கே தட்டம்மை பரவியது. பிறகு 65 வருஷங்களுக்கு அந்த நோய் தீவுகளின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் மறுபடி வந்தது. ஏறக்குறைய 7,800 பேர் வாழ்ந்த அந்த ஊர்களில் சுமார் 6,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட பானும் என்ற இளம் டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். அவர் கண்ட அதிசயம் என்ன தெரியுமா? 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த கிழவர்களையும் கிழவிகளையும் நோய் தீண்டவே இல்லை. அப்போது அது வராமல் தப்பித்த முதியவர்களோ, இப்போது அகப்பட்டுக்கொண்டார்கள். நடுவில் 65 வருஷம் நோயின் வாடையே படாமலிருந்தும் உடம்பு மறக்கவில்லை!

தட்டம்மைக் கிருமி தன் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை. அதோடு, உள்ளே நுழைந்து சுரமாக வெளிப்பட அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஞாபக அணுக்கள் விழித்துக்கொண்டு படை திரட்ட அவ்வளவு அவகாசம் தாராளமாகப் போதும்.

பாட்டிக்கு வந்த பெரியம்மையும் இந்த ஜாதிதான். வந்து பிழைத்தவர்களை அது மறுபடி தொடுவது அபூர்வம். அம்மை குத்திக்கொண்டவர்கள் சங்கதி சற்று வேறு. 1796-இல் அந்த முறையைக் கண்டுபிடித்த ஜென்னர், ஒரு தடவை குத்திக்கொண்டால் ஆயுசுக்கும் போதும் என்றுதான் நம்பினார். ஆனால் வருஷங்கள் செல்லச் செல்லப் பாதுகாப்புக் குறைவது தெரிய வந்தது. அதனால்தான் நம் நாட்டிலும் மறுபடி மறுபடி அம்மை குத்தும் வழக்கம் இருந்தது. இருந்தாலும் ஞாபகம் அடியோடு அழிவதில்லை. அமெரிக்காவில் ஆரெகான் மாகாணத்து விஞ்ஞானிகள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அம்மை குத்தி 75 வருஷம் வரை ஆனவர்களிடம்கூட எதிர்ப்பு சக்தி இருந்தது. 1977-இல் இந்தியா பெரியம்மை நீங்கிய நாடென்று உறுதி செய்யப்பட்டது. 1980-இல் உலகமே அதிலிருந்து விடுதலை பெற்றது. இன்று நம் அம்மாக்களின் கையில் உள்ள வட்டத் தழும்பு அந்த யுத்தத்தில் கிடைத்த பதக்கம்.

சின்னம்மை மட்டும் ஒரு விசித்திரம் செய்கிறது. இரண்டாம் முறை வருவது அபூர்வம்தான். ஆனால் கிருமி வெளியேறுவதில்லை. நரம்புகளின் அடியில் பதுங்கிக்கொண்டு, வயதாகிக் காவல் தளரும்போது அக்கியாக வெளிப்படுகிறது. குயவர் வீட்டில் காவி கொண்டு அக்கி எழுதிக்கொள்வது பழைய வழக்கம். அதற்கு முன்னால், கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் சாப்பிட்டால்தான் அதற்குரிய மாத்திரை நன்றாகக் கேட்கும்.

முகம் மாற்றும் திருடன்

இன்னொரு ஜாதிக் கிருமி உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் நுழைந்து இரண்டு மூன்று நாளில் காரியத்தை முடித்துக்கொள்ளும். அடுத்த தடவை வரும்போது மீசையை எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வரும். இன்ஃபுளூயன்ஸா இப்படித்தான். அதற்கான ஊசியை ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

கொரோனாவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இதற்குப் புதுச்சேரியே சாட்சி. 2020 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, ஜிப்மர் மருத்துவர்கள் மாதம் ஒரு முறையாக மூன்று தடவை பொதுமக்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் தடவை நூற்றுக்கு 4.9 பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. இரண்டே மாதத்தில் அது நூற்றுக்கு 34.5 ஆக ஏறிவிட்டது! பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளைப் போல 20 மடங்குப் பேருக்கு நோய் வந்து போயிருந்தது என்று அதற்கு அர்த்தம்.

மூன்றில் ஒருவருக்கு வந்து போய்விட்டதே, இனிப் பயமில்லை என்றுதானே தோன்றும்? ஆனால் 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை வந்து நம்மை ஆட்டி வைத்ததை யார் மறக்க முடியும்? வராமல் மிஞ்சியிருந்தவர்களே அதிகம் என்பது ஒரு காரணம். கிருமி புது உருவம் எடுத்து வந்தது மற்றொரு காரணம். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளும் சில மாதங்களில் குறைகிறது. ஆனால் ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. ஞாபக அணுக்கள் அவ்வளவு சுலபத்தில் மறப்பதில்லை. திருடன் வாசற்படி ஏறுவதை அவை தடுக்காமல் போகலாம். இரும்புப் பெட்டி வரை போக விடமாட்டா. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் சளி, காய்ச்சல் வந்தது, ஆனால் உயிருக்கு ஆபத்து மிகவும் குறைந்தது என்பதன் ரகசியம் இதுதான்.

ஒரே சாயலில் நாலு பேர்

இப்போது மூலக்குளத்துப் பையனிடம் வருவோம்.

டெங்கு ஒரு கிருமி அல்ல, சகோதரிகளே! ஒரே சாயலுள்ள நாலு பேர். முதலாமவன் வந்து போனால் அவன் விஷயத்தில் ஆயுசுக்கும் பாதுகாப்பு உண்டு. மற்ற மூவரிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களே. அதற்குப் பிறகு இரண்டாமவன் வந்தால் ஒரு விபரீதம் நேரலாம். பழைய எதிர்ப்பொருள் அவனையும் பழைய ஆள் என்றே நினைத்துப் பிடிக்கிறது. ஆனால் பிடி சரியாக விழுவதில்லை. விலங்கு மாட்டுவதற்குப் பதிலாக, கையைப் பிடித்து வீட்டுக்குள்ளேயே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது! இதனால்தான் சிலருக்கு முதல் டெங்குவைவிட இரண்டாவது டெங்கு கடுமையாகிறது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆனால், "முன்பே வந்துவிட்டது" என்பது இந்த நோயில் தைரியத்துக்குக் காரணமல்ல, எச்சரிக்கைக்குக் காரணம்.

இந்தச் சூட்சுமம் தடுப்பூசிக்கும் சங்கடம் கொடுத்தது. 2016-இல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்கு ஊசி போட்டார்கள். அதுவரை டெங்குவே வராத குழந்தைகளுக்கு அந்த ஊசி முதல் டெங்கு போல் வேலை செய்து, பிறகு வரும் நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017-இல் தெரிந்ததும் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள்.

நம் மருமகள் காத்திருக்கவில்லை. மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவுமில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றே தெரிந்தது. தக்க சமயத்தில் சலைன் ஏற்றினார்கள். ஆறாம் நாள் பையன் வீட்டுக்கு வந்து, "பாட்டி, ரசம் சாதம்!" என்றான்.

தாய் வீட்டுச் சீதனம்

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயின் உடம்பில் உள்ள எதிர்ப்பொருள் கருவிலேயே குழந்தைக்கு இறங்குகிறது. நீங்கள் கொடுத்து அனுப்பும் சீதனம் அது. ஆனால் சில மாதங்களில் செலவாகிவிடும். அது தீரும் முன்பே தட்டம்மை ஊசி போட்டால் சீதனமே மருந்தைச் செல்லாததாக்கிவிடும். மிகவும் தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும். அதனால்தான் 9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி. அந்த வயதில் அது நூற்றுக்கு 85 குழந்தைகளிடம்தான் பிடிக்கிறது. பிடிக்காமல் விட்டவர்களுக்காகவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. "ஒன்று போட்டாயிற்றே" என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஊசியில் ருபெல்லா மருந்தும் சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் ருபெல்லா வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண், காது, இருதயம் பழுதாகலாம். 2017 பிப்ரவரியில் இந்த ஊசியை நாட்டிலேயே முதன்முதலாகப் பெருமளவில் போடத் தொடங்கிய இடங்களில் புதுச்சேரியும் தமிழ்நாடும் உண்டு. பெண் குழந்தைக்கு அன்று போட்ட ஊசி, நாளை அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் காவல்.

ஆகவே பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு உறை இருக்கட்டும். யார் யாருக்கு எந்த ஊசி, எந்தத் தேதி, எந்த வியாதி எந்த வருஷம் வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி அதில் வையுங்கள். உடம்பு சிலவற்றை ஆயுள் முழுவதும் ஞாபகம் வைத்துக்கொள்ளும், சிலவற்றை மறந்துவிடும், சிலவற்றைத் தப்பாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். எது எந்த ரகம் என்று நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூலக்குளத்து வீட்டில் இப்போது அப்படி ஓர் உறை இருக்கிறது. "என் பேருக்கு நேரே பெரியம்மை என்று எழுதினாயோ? அதுவும் இருக்கட்டும்" என்று பாட்டிதான் ஞாபகப்படுத்தினாளாம். எழுதி முடித்ததும் கையோடு மருமகளைக் கூப்பிட்டு, கொல்லையில் மழைத் தண்ணீர் நின்ற பழைய வாளியையும் கவிழ்த்து வைக்கச் சொன்னாளாம்.