உட்கார இடம் இருக்கிறதா?

1961-இல் நியூயார்க் நகரம் ஒரு சலுகை கொடுத்தது. கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விடுபவர் கூடுதல் பரப்பளவு கட்டிக்கொள்ளலாம். திறந்தவெளிகள் பெருகின. ஆனால் பல இடங்களில் ஆளே இல்லை.

காரணம் தேடியவர் வில்லியம் ஹெச். ஒயிட் என்ற எழுத்தாளர். 1970-களில் இளம் உதவியாளர்களுடன் கூரைகளில் கேமரா வைத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். வெயில், பரப்பு, அழகு இவற்றைவிட உட்கார வசதி இருக்கிறதா என்பதே கூட்டத்தைத் தீர்மானித்தது. நகர்த்தக்கூடிய நாற்காலி என்றால் அதைச் சில அங்குலமாவது தள்ளிப் போட்டுவிட்டுத்தான் மக்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் குறைவாக வரும் இடத்தில் ஏதோ கோளாறு உண்டு என்பதும் அவர் கண்டது. 1975-இல் விதி திருத்தப்பட்டது: 30 சதுர அடி திறந்தவெளிக்கு ஓர் அடி நீள இருக்கை கட்டாயம்.

அதே ஆண்டு, அவருடன் பணியாற்றிய ஃபிரெட் கென்ட் 'புராஜெக்ட் ஃபார் பப்ளிக் ஸ்பேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பொது இடங்களை உருவாக்குவோருக்கு அது நடத்தும் பயிற்சியில் ஒயிட்டின் முறைதான் உயிர்நாடி. அதிகாரிகள், பொறியாளர்கள், கடைக்காரர்கள், குடியிருப்போர் எல்லாரும் சிறு குழுக்களாக ஓர் இடத்துக்குப் போகிறார்கள். எளிதில் வர முடிகிறதா, வசதியும் தூய்மையும் எப்படி, செய்வதற்கு என்ன இருக்கிறது, மனிதர்கள் கலந்து பழகுகிறார்களா என்ற நான்கு நோக்கில் மதிப்பெண் போடுகிறார்கள். அங்கிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். கையிலுள்ள பணத்தில் உடனே செய்யக்கூடியவை ஒரு பட்டியல், காலம் பிடிப்பவை இன்னொன்று. இடத்தைத் தினமும் புழங்குபவரே அதன் நிபுணர் என்பதைப் பொறியாளர் நேரில் உணர்வது இந்தக் கள ஆய்வில்தான்; பயிற்சியிலேயே மதிப்புமிக்க பகுதி இதுவே.

ஒயிட்டின் முறைக்கு நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா தக்க சான்று. தெருவிலிருந்து உயர்ந்து, வேலியும் புதரும் மறைத்த அந்தப் பூங்கா 1970-களில் போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது. வேலி பாதுகாப்புத் தரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே அது மறைவிடம் ஆகிவிட்டது. உள்ளே இருப்பது தெருவிலிருந்து தெரிய வேண்டும் என்றார் ஒயிட். 1988-இல் மூடி, வாயில்களை அகலப்படுத்தி, புதர்களை நீக்கி, நகர்த்தும் நாற்காலிகளைப் போட்டு 1992-இல் திறந்தார்கள். மதிய உணவு வேளையில் இன்று அங்கே நாற்காலி பிடிப்பதே பாடு.

திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை என்றும் பயிற்சி சொல்கிறது. குப்பை அள்ளவும் நாற்காலி பழுதுபார்க்கவும் ஆளும் பணமும் முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும்.