குளியலறையும் குடும்ப அமைதியும்

தேனியிலிருந்து கூடலூர் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இன்று எழும்பிவரும் புதுவீடுகளைக் காண்போருக்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். வாசலுக்குத் தேக்குக் கதவு, நிலையில் பூவேலைப்பாடு, முன்கூடத்தில் முகம் தெரியும் தரை, மாடியில் வண்ணக் கைப்பிடிச் சுவர் என்று முகப்புக்கு வாரி இறைக்கும் வீட்டுக்காரர், பின்கட்டுக்கு வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்கிறார். மாடிப்படிக்குக் கீழே மிஞ்சிய மூலையே குளியலறை என்று தீர்மானமாகிறது. அதற்குச் சன்னல் இல்லை. நண்பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டும். தரையின் ஈரம் ஒருநாளும் உலர்வதில்லை. விருந்தினர் அமரும் கூடத்தை ஆண்டில் எத்தனை நாள் பயன்படுத்துகிறோம்? குளியலறையையோ குழந்தை முதல் கிழவர் வரை வீட்டிலுள்ள எல்லாரும் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆயினும் வீட்டின் கடைக்குட்டியாக, கவனிப்பாரின்றி வளர்வது அந்த அறையே.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் பள்ளத்தாக்கில் குளியல் என்பது நெடுங்காலம் வீட்டுக்குள் நிகழ்ந்த செயலன்று. 1895இல் பெரியாற்று அணை எழுந்து, மலையைக் குடைந்து நீர் கிழக்கே திரும்பிய நாள் முதல், முல்லைப் பெரியாறும் அதன் கால்வாய்களுமே இங்குள்ளோரின் குளியலறை. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாயும் அதே நீரில்தான் ஊரே குளித்தது, துவைத்தது, மாட்டையும் கழுவியது. ஆற்றுக்கு எட்டாத ஊர்களில் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டி இருந்தது. வீட்டுக்குள் இருந்ததெல்லாம் ஓர் அங்கணம் மட்டுமே. பாத்திரம் துலக்குவதும், கால் கழுவுவதும், நோயுற்றோரைக் குளிப்பாட்டுவதும், சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு பெண்கள் அவசரமாக நீராடுவதும் அங்கேதான். கழிப்பறை வீட்டோடு சேர்ந்திருப்பது தீட்டு என்றே பெரியவர்கள் எண்ணினர்.

தோட்டங்கள் மனைகளாயின, புதர்கள் மறைந்தன, கிணறுகளுக்குப் பதில் ஆழ்துளைக் குழாய்கள் இறங்கின. வெளியே இருந்த குளியல், வேறு வழியின்றி வீட்டுக்குள் வந்தது. வந்த விருந்தாளிக்கு நாம் இன்னும் பாய் விரிக்கவில்லை என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

அதனால் விளையும் மனக்கசப்பைக் காண விரும்புவோர், போடியிலோ கம்பத்திலோ ஓர் எளிய வீட்டின் விடியற்காலையைக் காணட்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்குச் செல்லும் பெண்கள் இருள் பிரியுமுன் எழுந்து, சோறாக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, மலையேறும் ஜீப்புக்குக் காத்து நிற்க வேண்டும். ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அதே வேளையில் வயதான மாமனாருக்கு உள்ளே போக வேண்டும். அவர் மெல்லத்தான் வெளியே வருவார். பள்ளிப் பேருந்துக்கு ஓட வேண்டிய பிள்ளைகள் கதவைத் தட்டுகின்றனர். ஒரே அறை; ஒரே கதவு. “இன்னுமா வெளியே வரலை?” என்ற ஒரு சொல்லில் தொடங்கும் பிணக்கு, பழைய கணக்குகளையெல்லாம் கிளறிவிட்டே ஓய்கிறது. மாமியார் மருமகள் சண்டைக்கு மனப்பொருத்தமின்மையே காரணம் என்று நாம் அறிவுரை கூறிக்கொண்டிருக்கிறோம். பல வீடுகளில் அந்தச் சண்டைக்கு ஒரு தாழ்ப்பாளே காரணம்!

ஆகவே, குளியலறைக்கு அழகூட்ட எண்ணுவோருக்கு நாம் கூறும் முதல் யோசனை வண்ணமும் அன்று, பளிங்கும் அன்று. குளிக்கும் இடத்தையும் கழிப்பிடத்தையும் ஒரு சுவர் வைத்துப் பிரியுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கதவு வையுங்கள். கழிப்பிடத்துக்கு மூன்றடிக்கு நான்கடி போதும். குளிக்க நான்கடிக்கு ஐந்தடி இருந்தால் தாராளம். ஒரே கூரை, மேலே ஒரே தொட்டி. பல் துலக்கவும் முகம் கழுவவும் ஒரு குழாயை வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டால் ஒரே நேரத்தில் மூவர் தத்தம் வேலையை முடித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கிக் கட்டும் நகரத்து வழக்கம், ஆளுக்கோர் அறையும் அறைக்கொரு குளியலிடமும் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆறு பேர் ஓரறையை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது.

2014 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ், சிற்றூர்களில் தனிவீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அதைக் கொண்டு எழுந்த அறைகள் பலருக்கு மானம் காத்தன, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றுள் சில விறகும் உரமூட்டையும் வைக்கும் கிடங்காகிப்போனதையும் காண்கிறோம். அத்தகைய அறை ஒன்றினுள் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். இருட்டு, புழுக்கம், குழாய் இல்லை, மாற்றுத்துணி தொங்கவிட ஓர் ஆணிகூட இல்லை. மக்களுக்கு அறிவு போதவில்லை என்று அதிகாரிகள் குறைகூறுகின்றனர். அந்த அறையில் கால் மணி நேரம் நிற்க நமக்கே மனம் வராதபோது, பிறரைக் குறைகூறுவது முறையன்று. அழகு என்பது வசதியுள்ளோரின் ஆடம்பரம் என்று நாம் எண்ணியிருக்கிறோம். இந்த அறையைப் பொறுத்தவரை, அது பயன்படுமா படாதா என்பதையே அழகு தீர்மானிக்கிறது.

அழகில் முதலாவது வெளிச்சம். கொத்தனாரிடம் கூறி, தலைக்கு மேலே இரண்டடிக்கு இரண்டடி காற்றுவழி ஒன்றைத் திறந்துவிடச் செய்யுங்கள். அது காலைக் கதிரைப் பார்த்த கிழக்குச் சுவராயின் மிக நன்று. ஈரம் விரைவில் உலரும். வெளியார் பார்வை படும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வழியுண்டு. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், எளியோருக்குச் சிக்கனமான வீடுகளை அமைத்துப் புகழ்பெற்றவர். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றும் ஒளியும் நுழையும் சல்லடைச் சுவர்களை அவர் எழுப்பினார். பயனற்ற வண்ணக் கண்ணாடிப் புட்டிகளைச் சுவரில் பதித்து ஒளியை உள்ளே வரவழைத்தார். பச்சையும் பழுப்புமான பத்துப் புட்டிகளைக் குளியலறைச் சுவரில் பதிப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது; உள்ளேயோ காலை வெயில் வண்ணப் பொட்டுகளாகத் தரையில் விழும். குளிக்க மறுக்கும் குழந்தையும் அதைக் காண உள்ளே போகும்.

அடுத்தது தரை. இங்கே நம்மவர் செய்யும் பெரும்பிழை, கூடத்துக்கு வாங்கி மிஞ்சிய வழவழப்பான டைல்ஸையே குளியலறையிலும் ஒட்டிவிடுவது. சோப்பு நீர் பட்டால் அது எண்ணெய் தடவிய கல்லுக்கு ஒப்பாகும். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையும் கண்ணுக்கு இனியதே. ஈரத்தில் அதுவும் வழுக்கும். முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பின்னர் அந்தக் குடும்பத்தின் நாட்கள் எப்படி மாறிப்போகின்றன என்பதை வாசகர்களுள் பலர் அறிவர். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். இயலாதவர்கள் மெருகிடாத கடப்பாக் கல்லைப் போடலாம். கோடு கிழித்த சிமெண்டுப் பூச்சும் போதும். வாட்டம் மிக முக்கியம். அடிக்குக் கால் அங்குலம் வீதம் தரை சரிந்து வடிகாலை நோக்கிச் செல்ல வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கி நின்றால், கொத்தனாருக்குக் கூலி கொடுக்குமுன் சரிசெய்து வாங்குங்கள். பிறகு எத்தனை முறை சொல்லியனுப்பினாலும் அவர் வரமாட்டார்!

கழிப்பிடத்தருகே சுவரில் ஓர் உறுதியான கைப்பிடிக் கம்பி, கதவு வெளிப்புறமாகத் திறத்தல், விளக்கின் விசை வெளியே இருத்தல் ஆகிய மூன்றும் முதியோர் உள்ள வீட்டில் கட்டாயம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவரது உடலே அடைத்துக்கொள்ளும்.

சுவருக்கு எவ்வண்ணம் என்பதில் நமக்குப் பெரிய வாதமில்லை. சிறிய அறைக்கு வெள்ளையோ இளமஞ்சளோ இளநீலமோ இசையும். கரும்பச்சையும் கருநீலமும் அறையை மேலும் சிறிதாக்கும். தோளுயரம் வரை டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேல் ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடித்தால் பூஞ்சணம் அண்டாது. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்களின் பூவேலையில் மனம் பறிகொடுத்தோர் இன்று பலர். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றிக் கையாலேயே செய்யும் அக்கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை, நீரை உறிஞ்சும். ஆகவே முகம் கழுவும் தாழ்வாரத்துச் சுவரில் நான்கைந்து கற்களைப் பதித்து அழகு பாருங்கள். நீர் புழங்கும் தரையில் வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் பாயும் வீடுகளில் சுவரெங்கும் வெள்ளைப் படலம் ஏறும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுகின்றனர். அது டைல்ஸின் இடைப்பூச்சை அரித்துவிடும். எலுமிச்சைத் தோலோ புளிக்கரைசலோ தேய்த்துச் சற்று ஊறவைத்துக் கழுவினாலே பெரும்பகுதி நீங்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேரப் பயன்படுத்துவதோ பேராபத்து. அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூடிய அறையில் மூச்சைத் திணறவைக்கும்.

வெந்நீர் பற்றியும் ஒரு சொல். வாளிக்குள் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிட்டுச் சூடு பார்க்கக் கையை விட்டு உயிரிழந்தோர் உண்டு. விசையை நிறுத்திச் செருகியையும் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்குள் வைத்தல் ஒருபோதும் ஆகாது. மூடிய அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கச் சென்றவர் அறியாமலே மயங்கிவிடுவார்.

இனி, சிறு பொருள்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கொக்கிகள். குழந்தைக்குரியது அதன் கைக்கெட்டும் உயரத்தில். சுவரிலேயே மாடம் விட்டுக் கட்டினால் சோப்பும் சீயக்காயும் எண்ணெய்க் கிண்ணமும் தரையில் உருளமாட்டா. கண்ணாடியைத் தந்தையின் உயரத்துக்கு மட்டும் மாட்டிவிட்டு, தாய் எட்டிப் பார்க்கும் நிலை பல வீடுகளில் உண்டு. நீளக் கண்ணாடியாயின் எல்லார் முகமும் தெரியும். பெண்மக்களுக்கென்று மூடியுள்ள ஒரு சிறு பெட்டியும் மூடியுள்ள குப்பைக் கூடையும் அங்கே இருத்தல் வேண்டும். மாதவிலக்கு நாட்களில் எதையும் யாரிடமும் கேட்டு நிற்கும் நிலை அவர்களுக்கு நேரலாகாது. தந்தையே இதை முன்னின்று செய்தால், மகள் வாயால் சொல்லாவிடினும் உள்ளத்தில் மறவாள்.

இவ்வளவும் அமைத்தபின் யார் கழுவுவது? மருமகளோ வேலைக்காரப் பெண்மணியோதான் என்பது எழுதாத சட்டமாக இருந்துவருகிறது. மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அகற்றச் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013இல் நாட்டில் மேலும் வலுவாக்கப்பட்டது. ஆயினும் கழிப்பறை கழுவுவது இழிவு என்னும் எண்ணத்தை எந்தச் சட்டமும் நம் வீட்டுக்குள் வந்து அகற்றப்போவதில்லை. கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்தப் பட்டியலில் முதல் பெயராகக் குடும்பத் தலைவர் பெயரை எழுதுங்கள். ஞாயிறு அன்று அவர் தூரிகையைக் கையில் எடுத்தால், திங்களன்று மகன் முணுமுணுக்க வழியில்லை.

கழிப்பறைக் குழியைப் பொறுத்தமட்டில், 1970 முதல் பிந்தேசுவர் பாடக்கின் சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழி முறையே சிறு வீடுகளுக்கு ஏற்றது. ஒன்று நிறைந்ததும் அதை மூடி மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டால், மூடியது இரண்டாண்டுகளில் மக்கி மணமற்ற எருவாகிவிடும். அதன் சரிவான பீங்கானுக்கு ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் நீரே போதும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது முப்பதடி தள்ளித் தோண்டுங்கள். நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் வயலோரங்களில் பொறியாளரைக் கலந்துகொண்ட பின்னரே தோண்டுங்கள்.

குளித்த நீரை மட்டும் தனிக்குழாயில் பின்புறத்துக்குத் திருப்பிவிடலாம். அங்கே சரளைக்கல் பரப்பி இரண்டு வரிசை கல்வாழையும் சேம்பும் நட்டால், நீர் தேங்காது, கொசுவும் பெருகாது. செம்மஞ்சள் பூக்கள் ஆண்டு முழுதும் மலரும். பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்துவிடுங்கள். பக்கக் கன்றுகள் தாமே எழும்பும். இடம் உள்ளவர்கள் அதே வாய்க்காலின் கடைசியில் ஒரு நாட்டு வாழையும் வைக்கலாம்.