சாய்ந்த தென்னையில் கடலோர வீடு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அவற்றை அப்புறப்படுத்தவே விவசாயிகள் கடன்பட்டார்கள். போட்டு வைக்கவும் முடியாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கும். ஆனால் சாய்ந்த அந்த மரத்தில் கடலோர வீடே கட்டலாம்.

தேக்குக்கு வைரம் உள்ளே, தென்னைக்கு வெளியே. தண்டைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் கரும்பழுப்பு நார்ப்புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும்; உள்ளே போகப் போக வெளிறி, விலகி, நடுவில் வெறும் சோறாகிவிடும். ஓரத்து மரம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. நடுப்பகுதி 400 கிலோகூட வராது. ஆகவே, முதிர்ந்த மரத்தின் அடித்தண்டில், ஓரத்தில்தான் தூணும் உத்திரமும் எடுக்க வேண்டும். கிளை இல்லாத மரம், பலகையில் கணு விழாது. ஆனால் சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்தது வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர்கள் 1970களிலேயே இந்த வேலையில் இறங்கி, மணிலாவில் தென்னை மாளிகை ஒன்றையே எழுப்பிவிட்டார்கள்.

தென்னை மரத்தை மண்ணில் நட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். கருங்கல் கால் நிறுத்தி அதன் மேல் தூணை ஏற்ற வேண்டும். போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அண்டாது. மழைநீர் பட்டால் அந்த மருந்து கரைந்துவிடும் என்பதால் மருந்திட்ட மரம் நனையாமல் கூரை காக்க வேண்டும். உப்புக்காற்றில் சாதா ஆணி துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே நல்லது. கான்கிரீட்டும் இதற்கு விலக்கல்ல: உள்ளே கம்பி துருவேறி உப்பினால் காரை பெயர்ந்து விழும்.

புயல் கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்கத்தான் பார்க்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் விடாமல் பிணைக்க வேண்டும்; ஒரு கண்ணி விட்டாலும் கூரை போய்விடும். நாலாபுறமும் சரியும் கூரை காற்றைத் தாங்கும். தாழ்வாரத்துக்குத் தனிக்கூரை போட்டால், அது பிய்ந்தாலும் வீட்டுக்கூரை தப்பும்.

அதிராம்பட்டினத்திலோ மல்லிப்பட்டினத்திலோ மனை வாங்குவதற்கு முன், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை விசாரியுங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அவை பொருந்தும். வயதான தோப்பை வெட்டும் விவசாயிகளே, அடித்தண்டை விறகு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். வீட்டு மரத்துக்கு உரிய விலையைக் கேளுங்கள்.